கேட்கும் முன்பே வந்த பதில்

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகிற சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பயிற்சிக்காக வாடகைக்கு எடுத்திருந்தார்கள். திருச்சி சுற்றுவட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து டாக்டர்களும் நர்சுகளும் வந்திருந்தார்கள். வயதானவர்களின் உடல்நிலையை முழுமையாகக் கணிப்பது எப்படி என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர் டாக்டர் மஜீதா. பாலக்கரையில் பிறந்து வளர்ந்தவர், முதியோர் மருத்துவம் படித்தவர். வெறும் பாடம் நடத்தினால் சாப்பாட்டு நேரத்துக்குள் மறந்துவிடுவார்கள் என்பது அவர் கட்சி. அதனால் பொன்மலையிலிருந்து வயதானவர்கள் சிலரை வேனில் அழைத்துவந்திருந்தார். நிஜமான ஆட்களை வைத்தே பழகட்டும் என்றார்.

காலையில் ஒரு குறையும் இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கச் சொன்னார்கள், கண்ணும் காதும் பார்த்தார்கள், பசி எப்படி, தூக்கம் எப்படி என்று விசாரித்தார்கள். ஞாபகசக்திக்கும் ஒரு சின்னச் சோதனை இருந்தது. மூன்று வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்க வேண்டும். காலையில் சிலர் தடுமாறினார்கள். மதியத்துக்கு மேல் வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் மூன்றையும் சொன்னார்கள். மஜீதாவுக்கு அது கொஞ்சம் உறுத்தியது.

அப்போதுதான் பொன்னுத்தாயின் முறை வந்தது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அவர் கணவர் செல்லக்கண்ணு பக்கத்திலேயே நின்றுகொண்டார். நர்ஸ் ஆனந்தவள்ளி பேச்சைத் தொடங்குவதற்காக, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

"குடை, சாவி, மாம்பழம்" என்றார் பொன்னுத்தாய்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பொன்னுத்தாயும் சேர்ந்து சிரித்தார். செல்லக்கண்ணு மட்டும் தரையைப் பார்த்தார். மஜீதா அவரைச் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் அழைத்துப்போய் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்.

மறைக்க அவருக்குத் தெம்பில்லை. காலையில் முதல் ஆளாகச் சோதனை முடித்து வந்து, டீ குடிக்கும்போது அந்த மூன்று வார்த்தைகளையும் எல்லோருக்கும் சொல்லிவிட்டது அவர்தான். பொன்னுத்தாயை மட்டும் முறை வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லவைத்திருந்தார்.

"எல்லாருக்கும் எதுக்குங்கய்யா சொன்னீங்க?"

"அவ மட்டும் சரியாச் சொன்னா சந்தேகம் வரும்லங்க" என்றார்.

மஜீதாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். பொன்னுத்தாய்க்கு ஒரு வருஷமாகவே மறதி இருந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படுத்துவிடுவார். பெங்களூரில் இருக்கும் மகன், அம்மாவை ஏதாவது ஹோமில் சேர்த்துவிடலாம் என்று ஏற்கெனவே பேச்செடுத்திருந்தான். இங்கே தவறாகச் சொன்னால் விஷயம் மகனுக்குப் போய்விடும், இருவரையும் பிரித்துவிடுவார்கள் என்று செல்லக்கண்ணு பயந்துபோயிருந்தார்.

"இது பாஸ் பண்றதுக்கான பரீட்சை இல்லீங்கய்யா. தப்பா சொன்னாத்தான் ஏன்னு எங்களால தேட முடியும். எல்லா மறதியும் ஒரே மறதி இல்ல. சிலதைச் சரி பண்ணலாம்."

"மகனுக்குச் சொல்லுவீங்களா?"

"அம்மா சரின்னு சொன்னா மட்டும்."

மஜீதா கூடத்துக்குத் திரும்பிப் பயிற்சியை நிறுத்தினார். இந்தக் கேள்விகளை எதற்காகக் கேட்கிறோம், பதில் யாருக்குப் போகும் என்று வந்தவர்களிடம் நம்மில் ஒருவர்கூடச் சொல்லவில்லை, நானும்தான் என்றார். எல்லோரையும் முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள், பிறகு சோதனைக்குப் போங்கள் என்றார். வார்த்தைகளையும் மாற்றச் சொன்னார்.

ஆனந்தவள்ளி இந்த முறை செல்லக்கண்ணுவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பொன்னுத்தாயின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவசரப்படாமல் விளக்கினார். புது வார்த்தைகளில் ஒன்றுகூடப் பொன்னுத்தாய்க்கு நினைவில் நிற்கவில்லை. அவர் கலங்கவும் இல்லை.

"எனக்கு மறந்து போகுதுன்னு எனக்கே தெரியும்மா. அவரு பயப்படுவாரேன்னுதான் தெரியாத மாதிரி இருக்கேன்."

ஆனந்தவள்ளி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டார். பொன்னுத்தாய் கையோடு கொண்டுவந்திருந்த மஞ்சப்பையை அப்படியே மேஜையில் கவிழ்த்தார். பிரஷர் மாத்திரைகளுக்கு நடுவில் தூக்க மாத்திரை இருந்தது, அரிப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மாத்திரையும் இருந்தது. இரண்டையும் நெடுநாளாகத் தினமும் போட்டுவந்திருக்கிறார். மஜீதா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆனந்தவள்ளியே இரண்டு அட்டைகளையும் தனியே எடுத்துவைத்து, தன் நிலையத்து டாக்டர் சகாயநாதனைக் கூப்பிட்டார். வயதானவர்களை மந்தமாக்கி மறதியை அதிகப்படுத்தக்கூடிய மாத்திரைகள் அவை என்று அவர் எளிமையாக எடுத்துச் சொன்னார். அரிப்பு மாத்திரையை உடனே நிறுத்தினார். தூக்க மாத்திரையைத் திடீரென்று விடக்கூடாது, படிப்படியாகக் குறைக்கலாம் என்றார். ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக்கொடுத்தார். அவர்களுடைய நிலையம் பொன்மலையிலேயே இருந்ததால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற பொறுப்பை ஆனந்தவள்ளி ஏற்றுக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்து மஜீதா அந்த நிலையத்துக்குப் போனபோது தம்பதி இருவரும் வந்திருந்தார்கள். மறதி முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் பகல் தூக்கம் போய்விட்டது, பொன்னுத்தாயின் பேச்சில் தெளிவு வந்திருந்தது. மகனுக்கு அவரே போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவன் வந்து பார்த்துவிட்டு, ஹோம் பேச்சை எடுக்காமலே ஊருக்குத் திரும்பியிருந்தான்.

வீட்டில் எப்படி இருக்கிறார் என்று மஜீதா கேட்டதும் செல்லக்கண்ணு ஒரு புகாரோடு தொடங்கினார். "சமையல் இப்ப நான்தாங்க. குழம்புல உப்பு பத்தலைன்னு தினம் சண்டைக்கு வர்றா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் முழுக்கச் சந்தோஷம்.