எட்டுத் தங்கமும் ஒரு கறுப்பும்

சந்திரமௌலிக்குப் பதவி உயர்வு வரவேண்டும் என்றுதான் லோதி ரோடு சர்க்கார் குவார்ட்டர்ஸ் ஹாலில் அந்த மூன்றடி மீன்தொட்டி வந்தது. எட்டுத் தங்கமீன், ஒரு கறுப்பு மீன் என்று கணக்குச் சொன்னவர் அவருடைய ஆபீஸ் நண்பர் பூவராகவன். திருஷ்டியையெல்லாம் கறுப்பு வாங்கிக்கொள்ளுமாம். அன்று கடையில் வேறு கறுப்பு மீன் இல்லை. கண்ணாடியைக் கவ்விக்கொண்டிருந்த விரல் நீள 'சக்கர்' மீனைப் பிடித்துக் கொடுத்தான் கடைக்காரன். நாலு இஞ்சுக்கு மேல் வளராது, தீனியே வேண்டாம், அழுக்கைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்றான்.

ஒன்றரை வருஷத்தில் அது ஒரு சாணைத் தாண்டியது. பதவி உயர்வுப் பட்டியல் வந்தபோது சந்திரமௌலியின் பெயர் அதில் இல்லை. அதே வாரம் ஒரு தங்கமீன் விலாவில் செதில் உரிந்து செத்து மிதந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பூவராகவன் மூடி போட்ட பக்கெட்டோடு வந்து நின்றார்.

"தோஷத்தை முழுசா இழுத்துண்டுடுத்து மௌலி. இனிமே ஆத்துல வெச்சுக்கப்படாது. ஸ்கூட்டரை எடு, யமுனால விட்டுட்டு வந்துடலாம். ஜல்தி!"

சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள் சந்திரமௌலியின் மனைவி அனந்தலக்ஷ்மி. வேறொரு மினிஸ்ட்ரியில் பதினெட்டு வருஷமாக அடுத்தவர்கள் எழுதிய ஃபைல் நோட்டைத் திருத்துகிறவள்.

"யமுனாலயா? அந்த ஜலத்துல நீங்க கால் நனைப்பேளா மாமா?"

அதற்குள் சந்திரமௌலி தொட்டிக்குள் கைவலையை இறக்கிவிட்டார். மீன் முதுகுத் துடுப்பை விசிறிபோல் விரித்து, முட்களை வலைக்கண்ணில் மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. அவர் வெடுக்கென்று இழுத்தார்.

"ஏன்னா, இழுக்காதேங்கோ! முள்ளு ஒடிஞ்சுடும்!"

முழங்கைவரை தண்ணீரில் கையை விட்டு வலையைப் பற்றினாள். விரிந்த துடுப்பைத் தாங்கும் முட்கதிர்களை எண்ணினாள். பன்னிரண்டு. சக்கர் மீன்களைப் பற்றி சைபர் கஃபேயில் பிரிண்ட் எடுத்த இரண்டு பக்கங்கள் அவள் கைப்பையில் ஒரு வாரமாக இருந்தன. கடைக்காரன் சொன்ன சின்ன ஜாதிக்குத் துடுப்பில் ஏழெட்டுக் கதிர்தான் இருக்கும்; வளர்ந்தால் மூக்கில் மீசை முளைக்கும். இதற்கு மீசை இல்லை, கதிரோ பன்னிரண்டு. ஒன்றரை அடி வரை வளரும் பெரிய ஜாதி.

மீன் கண்ணாடியோடு ஒட்டிப் புரண்டபோது வயிறு தெரிந்தது. கரண்டிக் குழிபோல் உள்ளே போயிருந்தது. கண்ணும் பள்ளம்.

அனந்தலக்ஷ்மிக்குப் புரிந்துவிட்டது. சனிக்கிழமை தவறாமல் தொட்டியின் உட்பக்கத்தை அவளே நார் போட்டுத் தேய்ப்பாள். அந்த பிளாக்கில் இத்தனை சுத்தமான தொட்டி கிடையாது என்று அவளுக்கு ஒரு பெருமை. அவள் தேய்த்து எறிந்த பச்சைப் பாசிதான் இதன் சாப்பாடு.

"நாமதான் இதைப் பட்டினி போட்டோம். பசி தாங்காம அந்தத் தங்கமீன் உடம்பை நக்கியிருக்கு. தோஷமாம், தோஷம்!"

"அப்போ என் ப்ரொமோஷன்?" என்றார் சந்திரமௌலி.

"அது உங்க ஆபீஸ் ஃபைல்ல இருக்கு. இந்தத் தொட்டில தேடாதேங்கோ."

கத்திரிக்கோலை எடுத்துவந்து, தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொரு கண்ணாக வலையை நறுக்கினாள். மீன் விடுபட்டு மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. பிறகு பூவராகவனின் பக்கெட்டில் தொட்டித் தண்ணீரை ஊற்றி, ஏழு தங்கமீன்களையும் கிண்ணத்தால் மொண்டு அதில் விட்டாள்.

"குளிர்காலத்துல இந்தக் கறுப்புக்கு ஹீட்டர் போடணும். தங்கமீனுக்குச் சூடு ஆகாது. ரெண்டையும் ஒண்ணா வெச்சதே தப்பு. உங்க பேரும்தான் லிஸ்ட்ல வரலையே மாமா, அதிர்ஷ்டத்தை நீங்களே கொண்டு போங்கோ."

"மாமி, ஏழுதானே இருக்கு? கறுப்பும் இல்லாம..."

"கடை திறந்துதான் இருக்கும்."

பூவராகவன் சந்திரமௌலியைப் பார்த்தார். சந்திரமௌலி கிழிந்த வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூவராகவன் பக்கெட்டோடு படியிறங்கியதும், சுரைக்காய்த் துண்டு ஒன்றை அரைவேக்காடாக வேகவைத்து, ஆறவிட்டு, கனத்துக்கு ஒரு எவர்சில்வர் ஸ்பூனைக் கட்டித் தண்ணீரில் இறக்கினாள். பத்து நிமிஷம் கழித்து மீன் அதன்மேல் வந்து படுத்தது.

மூன்றாவது சனிக்கிழமை மேல்மாடி வசுமதி வந்தாள்.

"என்ன மாமி, தொட்டியெல்லாம் ஒரே பச்சையா இருக்கு? தேய்க்கலையா?"

"இல்லை. இனிமேலும் தேய்க்கமாட்டேன்" என்றாள் அனந்தலக்ஷ்மி. "காபி சாப்பிடறியா?"