சம்பந்திக்கு உடம்பு சரியில்லை

லிஃப்ட் பொருத்தும் எங்கள் குழுவில் ஆறு பேர். ஐந்து பேர் கம்பெனி வேனில் வேலைக்கு வருவார்கள். நான் மட்டும் சம்பந்தியோடு வருவேன்.

சம்பந்தி என்பது என் கார். என்னைவிட நான்கு வயது மூத்தது. பெயர் வைத்தவர் எங்கள் வெல்டர். "பொண்ணு வீட்டுலேர்ந்து வந்தது. மரியாதை துளி குறைஞ்சாலும் நடுரோட்டுல முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னுடுது. சம்பந்தி இல்லாம வேற என்ன?" என்றார். அன்றிலிருந்து, காலையில் என்னைப் பார்த்ததும் யாரும் என்னை நலம் விசாரிப்பதில்லை. "சம்பந்தி சௌக்கியமா?" என்பார்கள்.

என் மாமனார் கார் பட்டறை நடத்தியவர். முட்டிவலி வந்ததும் பட்டறையை மகளிடம் ஒப்படைத்துவிட்டு, கியர் மாற்றவே தேவையில்லாத புதுக் கார் ஒன்றை வாங்கிக்கொண்டார். பழையது வாசலில் நின்றால் கண்ணைக் குத்துகிறது என்று எங்கள் வீட்டுக்குத் தள்ளிவிட்டார். அதை மாப்பிள்ளைக்குக் கொடுத்த சீர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வது அவருடைய பெருந்தன்மை.

பட்டறையை இப்போது நடத்துபவள் என் மனைவி. இன்ஜினைக் கிளப்பச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். அரை நிமிடம். பிறகு, "ரெண்டாவது வால்வு" என்பாள். பிரித்துப் பார்த்தால் ரெண்டாவது வால்வாகத்தான் இருக்கும். அந்தக் காதுக்காகவே பல மைல் தாண்டி வண்டிகள் வரும்.

எனக்கு இந்த ஊரில் பதினான்கு மாத வேலை. ஒன்பது மாடி ஆஸ்பத்திரிக் கட்டடம், நான்கு லிஃப்ட். வீட்டிலிருந்து பஸ்ஸில் எட்டு மணி நேரம். புறப்படும்போது அவள்தான் சாவியை என் கையில் வைத்தாள்.

"வேனுக்காகக் காத்துக்கிட்டு நிக்க வேணாம். இதை எடுத்துட்டுப் போங்க. தினம் காலையில போன்ல சத்தத்தைக் கேட்டுக்கறேன். நான் சரின்னு சொன்னாத்தான் வண்டி நகரணும்."

அப்படித்தான் நடந்தது. காலை ஏழரைக்கு, வாடகை அறைக்குக் கீழே உள்ள சந்தில் காரைக் கிளப்பி, பானெட்டைத் திறந்து, செல்போனை இன்ஜின் பக்கத்தில் பிடிப்பேன். அந்தப் பக்கம் அவள் கண்ணை மூடிக் கேட்பாள். "சரி, போங்க." அவ்வளவுதான்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டால், "ம்." "உடம்பு எப்படி இருக்கு?" "ம்." "வேற?" "வேற என்ன? வேலை கிடக்கு, வைக்கறேன்."

வீட்டிலும் அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் வீட்டில் பேசாமல் இருந்தாலும் இருப்பாள். எதிரில் உட்கார்ந்து ஏதாவது ஒரு நட்டைத் துடைத்துக்கொண்டிருப்பாள். போகிற போக்கில் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போவாள். போனில் பேசாமல் இருந்தால் இல்லாமலே போய்விடுகிறாள்.

இரண்டாவது மாதம் ஒருநாள் இரவெல்லாம் மழை. காலையில் சம்பந்தி இருமினார், தும்மினார், எழுந்திருக்கவில்லை. போனை எடுத்தேன். பிளக் வயரைத் துடைக்கச் சொன்னாள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே ஈரம் பார்க்கச் சொன்னாள். நடுவில், பத்து வயதில் இதே மூடியைக் கழற்றித் திருப்பி மாட்டத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்ட கதையைச் சொல்லிச் சிரித்தாள். கார் கிளம்பியது. போனைப் பார்த்தேன். பதினோரு நிமிடம்!

மனிதனுக்குப் புத்தி கெடுவதற்குப் பதினோரு நிமிடம் போதும்.

அடுத்த வாரம் ஒரு பிளக் வயரை நானே லேசாக இழுத்துவிட்டேன். ஒன்பது நிமிடம். அதற்கடுத்து நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தை வைக்கிற ஐடில் திருகை அரைச் சுற்று திருப்பினேன். ஏழு. ஏர் ஃபில்டர் மூடியைத் தளர்த்தியதற்குப் பதினான்கு. எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்தேன். தேதி, கோளாறு, அவள் சொன்ன வைத்தியம், பேசிய நிமிடம். லிஃப்ட் வேலைக்காரன் எதையும் குறித்து வைக்காமல் செய்ய மாட்டான்.

வெல்டர் ஒருநாள் நோட்டைப் பார்த்துவிட்டார். "அட கிரகசாரமே! ஊர்ல நோயை மறைச்சுப் பொண்ணு கட்டுவாங்க. நீ கட்டின பொண்டாட்டிகிட்ட பேச நோயை உண்டாக்குறியா?"

"யாருக்கும் நஷ்டம் இல்லையேண்ணே."

"சம்பந்தி சாபம் பொல்லாதது, பார்த்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எட்டாவது மாதம் ஒரு வியாழக்கிழமைதான் எனக்குப் பேராசை பிடித்தது. மூன்றாவது பிளக் வயரை இழுத்துவிட்டிருந்தேன். அவள் அரை நிமிடம் கேட்டாள்.

"மூணாவது பிளக் வயர். நல்லா அழுத்தி மாட்டுங்க."

மாட்டியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். நான் வயரைத் தொடவே இல்லை.

"மாட்டிட்டேன். அப்படியேதான் இருக்கு."

"அப்படியேவா? இருங்க... நல்லா மாட்டினீங்களா?"

"நல்லாத்தான் மாட்டினேன்."

அவள் மறுபடி கேட்டாள். வேறொன்று சொன்னாள். அதற்கும் "அப்படியேதான் இருக்கு" என்றேன். கார்புரேட்டர் என்றாள், பாயிண்ட் என்றாள், பெட்ரோலில் தண்ணீரா என்றாள். அவள் குரல் போகப் போகச் சின்னதாகிக்கொண்டே வந்தது. எனக்கு அது உறைக்கவில்லை. நிமிடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்று! கடைசியில் வயரை மாட்டிவிட்டு, "தானா சரியாயிடுச்சு" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. அன்று முழுக்க விசிலடித்துக்கொண்டே வேலை செய்தேன்.

மறுநாள் காலை சம்பந்திக்கு ஒரு கோளாறும் வைக்கவில்லை. ஒருநாள் விடுமுறை கொடுத்திருந்தேன். போனை நீட்டினேன். வழக்கமான "சரி, போங்க" வரவில்லை.

"எனக்குத் தெரியலைங்க" என்றாள். "அங்கேயே நல்ல ஆளாப் பார்த்துக் காட்டுங்க."

போனை வைத்துவிட்டாள்.

அன்று பிற்பகல் ஆறாவது மாடியில், லிஃப்ட் குழிக்குள் நேர் பார்க்கத் தூக்குக்குண்டு இறக்கிக்கொண்டிருந்தபோது மாமனார் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, உங்க ரெண்டு பேருக்குள்ள ஏதாவது மனஸ்தாபமா?"

"இல்லையே மாமா. ஏன்?"

"காலையில ஒருத்தர் வேனைக் கொண்டுவந்தாரு. பத்து வருஷமா நம்மகிட்டதான் வர்றாரு. 'வேற இடம் பாருங்கண்ணே'ன்னு திருப்பி அனுப்பிட்டா. கேட்டா, 'என் காதை நம்ப முடியலைப்பா'ங்கிறா. மத்தியானம் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். காது பொன்னாட்டம் இருக்குன்னு அவரு சொல்றாரு. 'அப்ப எனக்குத் தொழில்தான் மறந்துபோச்சு'ன்னு உட்கார்ந்துட்டா. காய்ச்சல்ல படுத்தாக்கூட தெருவுல போற வண்டிக்கு வைத்தியம் சொல்ற பொண்ணு மாப்பிள்ளை அவ!"

கீழே தூக்குக்குண்டு ஆடாமல் நேராக நின்றது. நான்தான் ஆடினேன்.

மூன்று முறை அவளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. சாயங்காலம் ஒரு செய்தி வந்தது. 'ஞாயிறு காலை பஸ்ஸில் வரேன். வண்டியை நானே எடுத்துட்டு வந்துடறேன். நீங்க வேன்ல வேலைக்குப் போங்க. என் காதை நம்பி உங்களை ரோட்டுல விட பயமா இருக்கு.'

உண்மையைப் பதிலாக எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதி, மறுபடி அழித்தேன். இதை எழுத்தில் சொல்லித் தப்பித்துக்கொள்வது செய்ததைவிடக் கேவலம் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்தில் இறங்கியவள் ஒரு கையில் துணிப்பையும் மறு கையில் கருவிப்பையும் வைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நான் பையை வாங்கப் போனேன். அவள் கையை நீட்டி, "சாவி" என்றாள்.

"முதல்ல நான் சொல்றதைக் கேளு. காருக்கு ஒண்ணுமில்லை. உன் காதுக்கும் ஒண்ணுமில்லை. எல்லாக் கோளாறையும் வச்சது நான்தான்."

அவளுக்குப் புரியவில்லை. "வச்சதுன்னா?"

"நானே கெடுத்தேன். நீ பேசணும்னு."

பஸ் ஒன்று பின்னால் வந்து ஹாரன் அடித்தது. இருவரும் நகர்ந்து நின்றோம். அவள் என்னைப் பார்க்காமல் நேரே போய், காத்திருக்கும் இடத்துப் பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். நான் பக்கத்தில் போகவில்லை. தூணோரமாக நின்றேன். கால் மணி நேரம் இருக்கும். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"வியாழக்கிழமை என்ன செஞ்சீங்க?"

"மூணாவது பிளக் வயர்."

"நான் என்ன சொன்னேன்?"

"மூணாவது பிளக் வயர்."

"முதல் தடவையே சொன்னேனா?"

"முதல் தடவையே சொன்னே. நான் மாட்டாமலே மாட்டிட்டேன்னு சொன்னேன்."

தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. "மத்ததெல்லாம்?"

நோட்டை எடுத்து நீட்டினேன். அவள் முதல் பக்கத்திலிருந்து விரலை ஓட்டிக்கொண்டு வந்தாள். தான் சொன்னது சரியாக இருந்த ஒவ்வொரு வரியிலும் விரல் ஒரு நொடி நின்றது. ஒரே ஓர் இடத்தில் முகம் சுருங்கியது.

"ஃபேன் பெல்ட்டா இது? வாட்டர் பம்புன்னு நினைச்சேன். சே!"

"பதினெட்டுல ஒண்ணுதானே?"

"ஒண்ணு ஒண்ணுதான்." பிறகு, "பக்கத்துல இது என்ன நம்பர்? ஒன்பது, ஏழு, பதினாலு..."

"நீ பேசின நிமிஷம்."

அவள் நோட்டை மூடினாள். மறுபடி திறந்து கடைசி வரியைப் பார்த்தாள். நாற்பத்தொன்றுக்குக் கீழே நான் இரண்டு கோடு போட்டிருந்தேன்.

"ஒரு நல்ல ஆளைத் திருப்பி அனுப்பிட்டேன் தெரியுமா? டாக்டர் காதுல விளக்கடிச்சுப் பார்த்தாரு. அப்பா வெளியில உட்கார்ந்து கண்ணைத் துடைச்சுக்கறாரு. உங்களுக்கு இது விளையாட்டா?"

"இல்லை."

"பேசணும்னா பேசுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா பேசுவியா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. "மாட்டேன்" என்றாள். "போனைப் பிடிச்சா எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. நீங்க சாப்பிட்டியான்னு கேட்கும்போதெல்லாம் அழுகை வருது. அதான் சீக்கிரம் வச்சுடறேன்."

இது எனக்குத் தெரியாது. எட்டு மாதமாகத் தெரியாது.

சாவியைக் கொடுத்தேன். அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சாலை காலியாக இருந்தது. ஆற்றுப் பாலம் தாண்டி வலது பக்கம் ஒரு நீண்ட வளைவு. வளைவில் அவள் தலையைச் சாய்த்தாள். வண்டியை மெதுவாக்கித் திருப்பி, அதே வளைவில் மறுபடி போனாள். மூன்றாவது முறை போனபோது கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

"இதையும் நீங்கதான் வச்சீங்களா?"

"எதை?"

"உங்களுக்குக் கேட்கலையா? அடியில உறுமுது. வலது பக்கம் திருப்பினா கூடுது, இடது பக்கம் திருப்பினா குறையுது. முன்னாடி இடது சக்கரம், பேரிங்."

"சத்தியமா நான் இல்லை!"

"தெரியும். அதைக் கெடுக்கிற அளவுக்கு உங்களுக்கு வேலை தெரியாது."

சந்தில் நிறுத்தி ஜாக்கி போட்டுத் தூக்கினோம். அவள் சக்கரத்தை இரு கையாலும் பிடித்து ஆட்டினாள். கடக் கடக் என்றது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய சத்தம் எனக்குப் பழகிப் போயிருக்கிறது. நிற்கிற வண்டியின் இன்ஜினில் போனை வைத்தால், ஓடும்போது மட்டும் உறுமுகிற சக்கரம் அவளுக்கு எப்படிக் கேட்கும்?

"நிஜக் கோளாறு ஒண்ணு கீழே கிடந்திருக்கு. நாம பொய்க் கோளாறுக்கு நாற்பது நிமிஷம் பேசியிருக்கோம்" என்றாள். "இன்னும் ஒரு மாசம் இப்படியே ஓட்டியிருந்தா..."

என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அதில் கிரீஸ் பட்டது.

திங்கட்கிழமை நான் விடுப்பு எடுத்தேன். கடை திறந்ததும் பேரிங் வாங்கி வந்தோம். வெல்டரிடம் போனில் சொன்னேன். "சம்பந்திக்குக் காலில் ஆபரேஷனா? தங்கச்சி கையால நடக்கட்டும், நீ தள்ளியே நில்லு" என்றார். நான் தள்ளி நிற்கவில்லை. அவள் கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே குந்தியிருந்தேன். புது பேரிங்கில் கிரீஸ் அடைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "என் போனை எடுத்து, நான் திருப்பி அனுப்பின வேன்காரருக்குப் போடுங்க" என்றாள். இரண்டு கையும் முழங்கை வரை கிரீஸ். நானே போட்டு அவள் காதோடு பிடித்தேன்.

"அண்ணே, நான்தான். வண்டியை வேற யார்கிட்டயாவது விட்டுட்டீங்களா?... இல்லையா? அப்ப புதன்கிழமை கொண்டுவாங்க... காதா? காதுக்கு ஒண்ணும் இல்லைண்ணே. கோளாறு வீட்டுக்காரர்கிட்ட... ஆமா, கண்டுபிடிச்சுட்டேன்... சரி பண்றதா? இந்த மாடலுக்கு ஸ்பேர் கிடைக்காதுண்ணே. இருக்கிறதை வச்சுத்தான் ஓட்டணும்."

அந்தப் பக்கம் அவர் சிரிப்பது எனக்கே கேட்டது. இவளும் சிரித்தாள். அவள் காதோரத்து முடி என் விரல்மேல் பட்டுக்கொண்டிருந்தது.

"அவரு வச்சுட்டாரு" என்றாள் சற்றுப் பொறுத்து. "காதுலேர்ந்து போனை எடுங்க."

"தெரியும்" என்றேன். எடுக்கவில்லை.