மழை என்று எழுதிய மூன்று நாள்

வெள்ளத்துரை கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தோரு வருஷம் சங்கரன்கோவிலைச் சுற்றியிருக்கும் ஊர்களுக்கெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்த மனுஷனுக்கு, வீட்டில் உட்கார்ந்ததும் நடக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. காரணம் ஒரு ஜப்பான்காரர். முன்னூறு வருஷத்துக்கு முன்னால் மாதக்கணக்கில் நடந்த கவிஞர் ஒருவரைப் பற்றிய புத்தகத்தை யாரோ பஸ்ஸில் விட்டுப்போக, கேட்டு ஆள் வராததால் அது இவரிடமே தங்கிவிட்டது.

"அங்க போக நமக்கு ஏது வழி? அவரு நடந்த தூரத்தை இங்கனயே நடந்துர வேண்டியதுதான்" என்றார் மனைவி ஆவுடையம்மாளிடம்.

கவிஞர் தங்கிய ஊர்களுக்கெல்லாம் நம்மூர் பஸ் ஸ்டேஜுகளைப் பொருத்தினார். கரிவலம்வந்தநல்லூர் எல்லைச் சாவடி ஆனது. மேலநீலிதநல்லூர் போகிற ரோட்டில் கிளைச்சாலை பிரிகிற ஒரு விலக்கு கடற்கரை ஆனது. முந்தின நாள் விட்ட இடம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து நடந்து, திரும்பி வந்து நோட்டில் எழுதுவார்.

அந்தக் கவிஞரோடு சீடர் ஒருவரும் நடந்தாராம். அவரும் தனியாகக் குறிப்பு எழுதினாராம். இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போகாதாம்.

"நீயும் கூட வாட்டி. நான் கதை விட்டா பிடிக்க ஆளு வேணும்லா?"

"முழங்காலு வீங்கிக் கெடக்கு. நீங்க ஜப்பானுக்குப் போயிட்டு வாங்க, நான் சோறு வடிச்சு வைக்கேன்."

அவர் சிரித்துக்கொண்டே நோட்டில் வலப்பக்கம் மட்டும் எழுத ஆரம்பித்தார். இடப்பக்கம் அவளுக்காம்.

பங்குனியில் ஒரு காலை, கிளம்புவதற்காகச் செருப்பை மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. மாரடைப்பு என்றார்கள். முன்கூட்டியே ஏதாவது தெரிந்ததா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றாள்.

பதினாறு கழிந்த பிறகு நோட்டைத் திறந்தாள். கடைசி மூன்று நாளுக்கும் ஒரே வரி: 'விலக்கு வரை. நல்ல மழை. நனைந்து திரும்பினேன்.'

ஆவுடையம்மாள் அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். அந்த மூன்று நாளும் மொட்டைமாடியில் அவள் கூழ்வற்றல் காயப்போட்டிருந்தாள். ஒரு தூறல் விழுந்திருந்தால் அவளுக்குத் தெரியாதா? அவர் நனைந்த சட்டையோடு வந்ததும் உண்மைதான். "ஊர்ல இல்லாத மழை உங்களுக்கு மட்டும் பெய்யுதோ?" என்று அவள் கேட்டதும் உண்மை. "ஜப்பான்ல பெய்யுதுட்டி" என்றார். இருவரும் சிரித்தார்கள்.

மறுநாளே நோட்டையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி அந்த விலக்கில் இறங்கினாள். அங்கே இருந்தது ஒரே ஒரு டீக்கடை. கடைக்காரர் பீர் மைதீனிடம், தொப்பி போட்டுக்கொண்டு தனியாக நடந்து வருகிறவரைத் தெரியுமா என்று கேட்டாள்.

"ஜப்பான் அண்ணாச்சியா? ஏன் இப்பம் வரதில்ல?"

சொன்னாள். அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"பாய், அவுக கடைசியா வந்தப்போ இங்கன மழை பெஞ்சுதா?"

"மழையா? மாசி பொறந்ததுலேர்ந்து பொட்டு மழை கெடையாதுக்கா. இந்த பெஞ்சுலதான் உக்காந்தாவ. வேத்து ஊத்துச்சு. சட்டையப் பிழிஞ்சா ஒரு செம்பு தண்ணி வரும், அப்படி. நெஞ்ச நீவிக்கிட்டே இருந்தாவ."

"எத்தனை நாளு?"

"மூணு நாளும். மூணாவது நாளு நான் பயந்துபோயி வீட்டு நம்பர் கேட்டேன். 'எதுக்குவே? நான் ஜப்பான்ல இருக்கேன், அங்கேருந்து பேசினா ரொம்ப காசு ஆகும்'னு சிரிச்சாவ. நானும் சிரிச்சுட்டேன்க்கா." தலையைக் குனிந்துகொண்டார். "பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஏத்திருக்கணும்."

நானும் சிரித்தேன் பாய் என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் நீட்டிய டீயை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள்.

டீ ஆறி ஏடு கட்டியது. பெஞ்சில் அவர் உட்கார்ந்த பக்கம் எது என்று கேட்டு, அதற்கு அடுத்து உட்கார்ந்தாள். நோட்டைப் பிரித்து, வெறுமையாகக் கிடந்த இடப்பக்கத்தில் முதல் நாளுக்கு எதிரே எழுதினாள்: 'மழை இல்லை.' இரண்டாம் நாளுக்கும் அதையே எழுதினாள்.

மூன்றாம் நாளுக்கு எதிரே பேனா வெகுநேரம் நின்றது. சங்கரன்கோவில் பஸ் ஒன்று வந்து, ஆள் ஏறாததால் போய்விட்டது.

'மழை இல்லை. சட்டையைப் பிழிந்து காயப்போட்டது நான். கையில் உப்பு பிசுபிசுத்தது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.'