நோய்கள் குடிவந்த வீடு

மிஷன் தலைவர் கைவைத்து ஜெபித்து நீக்கிய நோய்கள் எவையும் அழிந்துபோகவில்லை; மறுநாள் காலை பத்து மணிக்குள் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. முதலில் வந்தது பேருந்து ஓட்டுநரின் முதுகுவலி. புதன்கிழமை உபவாச ஜெபத்தில் ஓட்டுநர் நிமிர்ந்து நின்று சாட்சி சொன்னார். வியாழக்கிழமை தண்ணீர் வாளியைத் தூக்கக் குனிந்த தலைவரின் மனைவி நிமிரவில்லை. தையல்காரப் பெண்ணின் இளைப்பு மூத்த மகளுக்கு வந்தது. கணக்கு வாத்தியாரின் காமாலை இளைய மகளுக்கு வந்தது. கண்ணின் மஞ்சள்கூட அதே மஞ்சள். தலைவரை மட்டும் எதுவும் தொடவில்லை.

“ஊர்ல உள்ள வியாதியெல்லாம் நம்ம வீட்டு விலாசத்தக் கேட்டுக்கிட்டு வருதுங்க” என்றாள் மனைவி.

“விசுவாசமில்லாத பேச்சு பேசாத” என்றார் அவர்.

ஆனால் அவருக்கும் தெரிந்திருந்தது. அதன்பின் மூன்று மாதம் பல்வலி, தலைவலி, சேற்றுப்புண்ணுக்கு மேல் எதற்கும் அவர் கைவைக்கவில்லை. வீட்டில் மூன்று பேரும் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தார்கள். அது தாங்கக்கூடியதாக இருந்தது. ஆனால் பல்வலி போனதற்கு யாரும் அழுதுகொண்டே சாட்சி சொல்வதில்லை. கூட்டம் பாதியாயிற்று. தலைவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழத் தொடங்கினார். அந்த ஆண்டு மிஷனின் வருடாந்தரக் கூட்டத்தில் மர வியாபாரி, கழுத்தில் எலுமிச்சை அளவுக் கட்டியோடு மேடையேறினார். மைதானத்தில் மூவாயிரம் பேர். தலைவர் முன்வரிசையைப் பார்த்தார். பதினாறு வயது இளைய மகள் தலையை லேசாக அசைத்தாள், வேண்டாம் என்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்தார்.

மறுநாள் கட்டி இளையவளின் கழுத்தில் இருந்தது, அதே பக்கம். கட்டி வந்த நான்காவது மாதம் மருத்துவர் கைவிரித்ததும், மனைவி மூத்தவளைத் தன் தங்கை வீட்டுக்கு, எட்டு மணி நேர ரயில் தூரத்துக்கு அனுப்பினாள். “நானும் இருக்கேம்மா” என்று மூத்தவள் வாசலில் நின்று அழுதபோது, “நீ இருந்தா அது யார்கிட்ட போறதுன்னு குழம்பிடும்டி” என்று அம்மா சிரித்தாள். பிறகு கணவரிடம் போனாள்.

“அவ மேல கைய வைங்க.”

“தேவ சித்தம் எதுவோ...”

“சித்தத்த நான் பாத்துக்கறேன். நீங்க கைய வைங்க.”

வைத்தார். காலை பத்து மணிக்குள் கட்டி அம்மாவிடம் போயிருந்தது. கடைசிவரை அவள் அவர் கையைத் தன்மேல் படவிடவில்லை. மழை தொடங்குமுன் இறந்தாள். அடக்கம் முடிந்ததும் இளையவளும் ரயிலேறினாள். வீட்டில் அவர் ஒருவரே மிஞ்சினார். அடுத்த புதன்கிழமை சலவைக்காரர் காய்ச்சலோடு வந்து முழங்காலிட்டபோது, தலைவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வரத்தைக் கர்த்தர் திரும்ப எடுத்துக்கொண்டார் என்று அறிவித்தார். சபை ஆமென் என்றது. “வரம்னா வரும், போகும்” என்றார் ஓட்டுநர்.

அதன்பின் இருபத்திரண்டு வருடம் தலைவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. ஒரு மதியம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். உடலைப் பார்க்க வந்தவர்கள், யாரும் சொல்லாமலே, பெட்டியின் இடது பக்கமாக நடந்து போனார்கள். அவருடைய வலது கை இன்னும் சூடாக இருந்தது. மூத்த மகள் அதன்மேல் ஒரு துணியைப் போர்த்தினாள். மூடியை இறக்கினார்கள். அடக்கம் முடிந்து வந்து எல்லோரும் கைகழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.