நானூறு கஜமும் ஒரு காலித் தோட்டாவும்

கோட்டைமேட்டில் கடிகாரம் பழுது பார்க்கிற சிக்கந்தருக்கு ஒரு திமிர் உண்டு. தன் கை பட்ட எந்திரம் மறுபடி தன் கடைப்படி ஏறாது என்பார். பதினெட்டு வருஷம் அப்படித்தான் நடந்தது. அந்தத் திமிரை மூணே மாசத்தில் ஒருத்தர் தூள் பண்ணிப்போட்டார். தொண்டாமுத்தூர் திருமூர்த்திக் கவுண்டர்.

ஆனைமலையில் எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிய துரை ஒருவரிடம் கவுண்டர் ஒரு ரைஃபிள் வாங்கியிருந்தார். அதன் முதுகில் ஒரு முழ நீளத்துக்கு ஜெர்மன் டெலஸ்கோப்பு. தை மாசம் நடக்கிற குறிசுடும் பந்தயத்தில் துரைமார்களோடு வரிசையாகப் படுத்து நானூறு கஜத்தில் சுடவேண்டும் என்று அவருக்கு ஆசை. லைசென்ஸ் இருந்தது, தோட்டா இருந்தது, சுட்டுப் பழகத் தோட்டத்துக்குப் பின்னால் பெரிய கரட்டுக் குன்றும் இருந்தது. குண்டு மட்டும் குறிப்பலகையில் படுவேனா என்றது.

"கண்ணாடியில என்னமோ கோளாறுங்க பாய்" என்று மூணு தடவை தூக்கிக்கொண்டு வந்தார். மூணு தடவையும் சிக்கந்தர் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒரு குறையும் இல்லை. துடைத்து, திருகுகளை இறுக்கி, திருப்பிக் கொடுத்தார். மூணாம் தடவைக்குப் பிறகு கவுண்டர் ஒரு கல்யாணப் பந்தியில் சொல்லிவிட்டார்: "நல்லா இருந்த கண்ணாடிங்க. பாய் கை வெச்சுக் கெடுத்துப்போட்டாருங்க."

கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. சோற்றுக்கு ரசம் கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் கவுண்டர் வாயிலிருந்து வந்த சொல்லாச்சே, சும்மா விடுமா ஊர்? பீளமேட்டில் புதிதாக எழும்பிய மில்லின் கோபுரக் கடிகாரத்தைப் பராமரிக்கிற வேலை சிக்கந்தருக்கு என்று பேசி முடித்திருந்தது. மேனேஜர் சீனிவாசலு ஆள் அனுப்பினார்: "கவுண்டர் விஷயம் தெளியட்டும், அப்புறம் பாக்கலாம்." அதற்கு என்ன அர்த்தம் என்று சிக்கந்தருக்குத் தெரியாதா? வேலை போனால்கூடப் பரவாயில்லை, செய்யாத தப்புக்குப் பேர் கெடுகிறதே என்று பொருமினார்.

"நீங்களே போய்ச் சுட்டுக் காட்டுங்களேன்" என்றாள் மனைவி ஜாஹிதா.

"நான் பட்டாசுகூட வெடிச்சதில்லை."

"கடிகாரத்தைப் பிரிக்க மட்டும் பொறக்கும்போதே கத்துக்கிட்டா வந்தீங்க?"

மறுநாள் காலை ஜட்கா பிடித்துத் தொண்டாமுத்தூர் போய்ச் சேர்ந்தார்.

கவுண்டர் நல்ல மனுசர். கம்மங்கூழும் மோரும் கொடுத்த பிறகுதான் துப்பாக்கியை எடுத்தார். கரட்டு அடிவாரத்தில் சுண்ணாம்பு அடித்த பலகை, நடுவில் சோற்றுத் தட்டு அகலத்துக்குக் கறுப்பு வட்டம். நானூறு கஜம் இப்பால் கோணிச் சாக்கு விரித்து, துப்பாக்கிக் கட்டையை முட்டுக் கொடுக்க ஒரு மணல் மூட்டை. பண்ணையம் பார்க்கிற அங்கப்பன் சைக்கிளோடு தயாராக நின்றான். சுட்டு முடித்துத் துப்பாக்கியைத் திறந்து கீழே வைத்த பிறகு, அவன் மிதித்துக்கொண்டு போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வருவான்.

"முதல்ல நீங்க சுடுங்க கவுண்டரே, நான் பாக்கறேனுங்க" என்றார் சிக்கந்தர்.

எல்லோரும் பலகையைப் பார்ப்பார்கள். சிக்கந்தர் கவுண்டரின் முகத்தைப் பார்த்தார். அட! வெடிப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே கவுண்டரின் இரண்டு கண்ணும் இறுக மூடின. தோள் முன்னால் போய் இடித்தது. விசையை விரல் அழுத்தவில்லை, பிடுங்கியது. அஞ்சு தோட்டாவுக்கும் அதே கதைதான்.

அங்கப்பன் போய்விட்டு வந்தான். "பலகையில ஒண்ணும் படலீங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்துங்க, குண்டை அப்படியே தள்ளிட்டுப் போயிருதுங்க."

சிக்கந்தர் அவனை ஏறிட்டுப் பார்த்தார். அவன் குனிந்து சைக்கிள் செயினைத் தடவ ஆரம்பித்தான். ஓஹோ, இவனுக்கும் தெரியும்! தெரிந்தும் காற்று மேல் பழி, கண்ணாடி மேல் பழி, கடைசியில் கோட்டைமேட்டில் தன் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிற சிக்கந்தர் மேல் பழி.

அவர் சாக்கில் படுத்தார். கண்ணாடிக்குள் பலகை கிட்டத்தில் வந்து நின்றது. குறுக்குக் கம்பி வட்டத்தின் மேல் ஆடியது. மூச்சு இழுத்தால் இறங்கியது, விட்டால் ஏறியது. இது தெரிந்த சங்கதிதான். மயிரிழைச் சுருளைக் கடிகாரத்தில் உட்கார வைக்கும்போது அவர் பாதி மூச்சை விட்டு, மீதியை நிறுத்திக்கொள்வார். அப்படியே நிறுத்தினார். கம்பி நின்றது. விரலை மெல்ல அழுத்தினார்.

டமார்! கண்ணாடியின் விளிம்பு புருவத்தில் வந்து குத்தியது. ரத்தம்.

"கண்ணை ஒட்ட வெச்சுட்டீங்களே பாய்! நாலு விரக்கடை தள்ளி வெக்கோணுங்க" என்று கவுண்டர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் துண்டைக் கிழித்துக் கட்டும் போட்டார்.

வலித்தது. பயமும் வந்தது, பொய் சொல்வானேன்? இருந்தாலும் எழுந்துகொள்ளவில்லை. கண்ணைத் தள்ளி வைத்து, கட்டையைத் தோளில் நன்றாக அணைத்து, இன்னும் மூணு சுட்டார். அங்கப்பன் போய்ப் பார்த்துவிட்டு வேகமாக மிதித்துக்கொண்டு வந்தான்.

"மூணும் பலகையிலங்க! ஒரு சாண் இடது பக்கமா, கிட்டக்கிட்ட இருக்குதுங்க!"

கிட்டக்கிட்ட என்றதுமே சிக்கந்தருக்குத் தெம்பு வந்துவிட்டது. குண்டுகள் ஒரே இடத்தில் போய் விழுகின்றன என்றால் கண்ணாடி ஆடவில்லை. குண்டு விழுகிற இடம்தான் மாற வேண்டும். டெலஸ்கோப்பு உட்கார்ந்திருக்கிற தாங்கியின் பக்கவாட்டுத் திருகை ஒரு நூல் அளவு திருப்பினார். மறுபடி மூணு. இந்தத் தடவை கறுப்பு வட்டத்துக்குள் இரண்டு, அதன் விளிம்பில் ஒன்று.

கவுண்டர் முகம் சுருங்கியது. "இப்பக் காத்து நின்னுபோச்சுங்களே" என்றார்.

அடிச்சக்கை! தென்னமட்டையெல்லாம் சலசலவென்று ஆடிக்கொண்டிருந்தது. சிக்கந்தருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனால் ஒரு பெரிய மனுசரை அவர் தோட்டத்திலேயே வைத்து, 'நீங்கள் பயப்படுகிறீர்கள்' என்று எப்படிச் சொல்வது? அவர் சொல்லவில்லை.

"இப்பவே நீங்களும் சுடுங்க. தோட்டா நானே போட்டுத் தர்றேனுங்க."

சுட்டு முடித்த காலித் தோட்டா ஒன்றைக் கவுண்டருக்குத் தெரியாமல் உள்ளே போட்டு மூடிக் கொடுத்தார். கவுண்டர் குறி பார்த்தார். கண்ணை மூடினார். விசையைப் பிடுங்கினார்.

டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வெடியும் இல்லை, உதையும் இல்லை. துப்பாக்கிக் குழல் மட்டும் தானாகக் குனிந்து மண்ணைக் காட்டியது.

கவுண்டர் கண்ணைத் திறந்தார். குழல் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். தொலைந்தோம், மில்லும் போச்சு, இனிமேல் தொண்டாமுத்தூர்ப் பக்கமே வர முடியாது என்று சிக்கந்தர் நினைத்தார்.

"அங்கப்பா, உனக்கு இது எப்பத்திலிருந்து தெரியும்?"

"முத நாள்ல இருந்தேங்க."

"ஏஞ் சொல்லல?"

"எப்படிங்க சொல்றது?"

கவுண்டர் சிக்கந்தர் பக்கம் திரும்பினார். "இன்னொருக்காப் போடுங்க பாய். உள்ள இருக்குதா இல்லையான்னு சொல்லாதீங்க."

அன்றைக்கு முழுக்க அதுதான் வேலை. ஒன்று நிஜம், இரண்டு காலி. பிறகு இரண்டு நிஜம், ஒன்று காலி. எது வெடிக்கும் என்று தெரியாததால், முன்கூட்டியே பயப்படக் கவுண்டருக்கு வழியில்லாமல் போயிற்று. மத்தியானத்துக்கு மேல் காலித் தோட்டாவுக்குக் குழல் குனியவில்லை. வெயில் தாழ்கிற நேரத்தில் அங்கப்பன் பலகையிலிருந்து கத்திய கத்தலில் மாடுகள் மிரண்டன. கறுப்புக்குள் ஒன்று, நிஜமாகவே கவுண்டருடையது.

திங்கட்கிழமை சிக்கந்தரைக் கூட்டிக்கொண்டு கவுண்டரே மில்லுக்கு வந்தார். புருவத்துக் கட்டைப் பார்த்து மேனேஜர் திகைத்தார். ஆபீஸில் நாலைந்து பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்துவார் என்று சிக்கந்தர் எதிர்பார்த்தார். கவுண்டர் தாழ்த்தவில்லை.

"அந்தக் கண்ணாடியில ஒரு குத்தமும் இல்லீங்க. பாய் மேலயும் இல்லீங்க. சத்தத்துக்குப் பயந்து நான்தான் கண்ணை மூடிட்டுச் சுட்டிருக்கறேன்."

எழுதிக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். இவ்வளவு உடைத்துச் சொல்வார் என்று சிக்கந்தர் நினைக்கவே இல்லை.

சீனிவாசலு பதறிப்போய் எழுந்தார். "சேச்சே, நீங்க போயிப் பயப்படறதாவதுங்க! அந்தச் சாமானே அப்படித்தானுங்க இருந்திருக்கும்."

"மூணு மாசமா எல்லாரும் எங்கிட்ட இதையேதானுங்க சொன்னாங்க" என்றார் கவுண்டர். "இவரு ஒருத்தருதான் சொல்லல. கோபுரத்துச் சாவிய அவருகிட்டக் குடுங்க."