எல்லாரும் ஏறியாச்சு

வாதம் வந்து வாய் கோணிப்போனபோது கண்டக்டரிடம் இருந்த சொற்களெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டன. பெண்டாட்டி பெயர் போனது, தண்ணீர் போனது, வலிக்கிறது என்ற சொல்கூடப் போனது. ஒன்றே ஒன்று மட்டும் உடும்புப் பிடியாக நின்றுவிட்டது. ரைட்.

வேறென்ன நிற்கும்? வேலையில் இருந்த காலமெல்லாம் தொண்டை கிழியக் கத்திய வார்த்தையாயிற்றே. தெருவே அவரை ரைட்டு மாமா என்றுதான் கூப்பிட்டது. வலது கையும் காலும் விழுந்த பிறகு முன்னறையில், வாசலைப் பார்த்துப் போட்ட கட்டிலில் கிடந்தார்.

மனைவி லேசுப்பட்டவள் இல்லை. கொஞ்ச நாளிலேயே அந்த ஒற்றைச் சொல்லை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிட்டாள். இழுத்துச் சொன்னால் தண்ணீர். வெடுக்கென்று சொன்னால் டிவியை நிறுத்து. முனகினால் முதுகு நோகிறது, புரட்டிப் படுக்கவை. மாத்திரையைப் பார்த்துச் சொன்னால் அது வெளியில் சொல்ல முடியாத கெட்ட வார்த்தை. "நல்லா இருந்த காலத்துலகூட மனுஷன் வீட்ல இவ்வளவு பேசினதில்ல" என்று பார்க்க வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவர்கள் போனதும் அடுப்படியில் நின்று அழுவாள்.

அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஆசைதான். மகள் வரவேண்டும். அவளைப் பார்த்து இவர் ஒரு ரைட் சொல்லவேண்டும். எந்த அர்த்தத்தில் சொன்னாலும் சரி, கண்ணை மூடுவதற்குள் சொல்லிவிடவேண்டும்.

மகள் ஒரு காலத்தில் அப்பா செல்லம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தடி டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு அவரைச் சீண்டுவாள்.

"அப்பா, உங்க வார்த்தைக்கு ஒரு பக்கம் முழுக்க அர்த்தம் போட்டிருக்கான். வலதுபக்கம், சரி, நியாயம், உரிமை, நேர், பொருத்தம்..."

"போடட்டும், போடட்டும். ரைட்டுன்னா எல்லாரும் ஏறியாச்சுன்னு அர்த்தம். அதை எழுத ஒருத்தனுக்கும் தோணலையா?" என்பார்.

வளர்ந்த பிறகு அந்தப் பக்கத்திலிருந்தே ஒரு அர்த்தத்தை எடுத்து அவர் முகத்தில் வீசினாள். யாரைக் கட்டிக்கொள்வது என்று முடிவெடுக்கத் தனக்கு உரிமை இருக்கிறது என்றாள். "அப்போ இனிமே இந்த வீட்டுப் படியில கால் வைக்காதே" என்றார் அவர். அப்பனுக்கும் மகளுக்கும் பிடிவாதம் ஒரே அளவு. வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை.

அம்மா போனில் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தாள். ஒரு சாயங்காலம் மகள் வந்தாள். வந்தவள் உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் படியிலும் ஒரு கால் தெருவிலுமாக நின்றாள்.

"அப்பா... நான்தான்ப்பா. வரட்டுமா?"

அவர் கண் அவள் காலிலேயே நின்றது. வாய் இறுகிவிட்டது.

"சொல்லுங்களேன்!" மனைவி அவர் தோளை உலுக்கினாள். "நாள் முழுக்கக் கத்துறீங்க. பெத்த பொண்ணுக்கு ஒரு தடவை சொன்னா வாயில முத்தா உதிர்ந்துடும்?"

அவர் வாயைத் திறக்கவில்லை. பழக்கமில்லாத இடது கையைத் தூக்கி வெடுக் வெடுக்கென்று ஆட்டினார். நாயை விரட்டுகிற மாதிரிதான் இருந்தது.

"பாத்தியாம்மா? அவருக்கு இன்னும் ஆறல" என்றாள் மகள். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

"நீங்கல்லாம் ஒரு மனுஷனா?" என்று மனைவி கேட்டாள். அன்றும் மறுநாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் மாத்திரை கொடுத்தாள். வாசலைப் பார்த்து அவர் ரைட், ரைட் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். காது கேட்காதவள் மாதிரி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அவரோடு ஒரே பஸ்ஸில் ஓடிய டிரைவர் பார்க்க வந்தார். அவரிடம் கொட்டித் தீர்த்தாள். டிரைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொண்ணு எங்கம்மா நின்னுச்சு?" என்றார்.

"வாசப்படியிலதாண்ணே. ஒரு கால் மேல, ஒரு கால் கீழ."

டிரைவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "படியில ஆள் தொங்கினா இவன் ரைட் குடுப்பானா? பஸ்ஸே கத்தும். பின்னாடி வண்டிக்காரன்லாம் திட்டுவான். அசைய மாட்டான். உள்ள ஏறு, உள்ள ஏறுன்னு கையைத்தான் ஆட்டுவான். கடைசிக் கால் உள்ள வந்தாத்தாம்மா இவன் வாயே திறக்கும்."

புருஷன் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பொருள் சொன்னவளுக்கு, அவர் சொல்லாமல் இருந்தது புரியாமல் போய்விட்டது. உடனே மகளுக்குப் போன் போட்டாள்.

"அப்பா உன்னை உள்ள வரச் சொல்லியிருக்காருடி. நான் ஒரு மண்டு, எனக்குத்தான் விளங்கல."

"விடிஞ்சதும் முதல் பஸ்ஸுக்கு வரேன்னு சொல்லும்மா" என்றாள் மகள்.

மனைவி போய் அவரிடம் சொன்னாள். அவர் வாசலைப் பார்த்தபடி தூங்கிப்போனார். விடிவதற்குள் அந்த ஒரு சொல்லும் அவரை விட்டுப் போய்விட்டது. மூச்சும் போய்விட்டது.

முதல் பஸ்ஸில் மகள் வந்தாள். இந்த முறை படியில் நிற்கவில்லை. நேரே ஓடிவந்து கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏறிட்டேன்ப்பா. உள்ள வந்துட்டேன். இப்பச் சொல்லுங்கப்பா."

அவளை அங்கிருந்து பிரித்தெடுக்க நான்கு பேர் வேண்டியிருந்தது.

சுடுகாட்டுக்குப் போகும் கடைசி வண்டியைத் தானே ஓட்டுவதாக டிரைவர் அடம்பிடித்தார். கண்டக்டரைப் பின்னால் ஏற்றினார்கள். உறவுக்காரர்கள் ஏறினார்கள். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, வண்டி மட்டும் நகரவில்லை. டிரைவர் கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கதோஷம், பாவம், அந்தக் குரலுக்காகக் காத்திருந்தார்.

மகள் வண்டிப் படியில் ஒரு கால் வைத்தவள் அப்படியே நின்றாள். அம்மா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். மறு கால் உள்ளே வந்ததா என்று குனிந்து பார்த்தாள்.

பிறகு வண்டியின் தகட்டை இரண்டு முறை தட்டினாள்.

"ரைட்" என்றாள்.

வண்டி கிளம்பியது.