மெர்வின் தொட்டியில் முளைத்தது

ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊரான கிங்கராயில் யாரை வேண்டுமானாலும் குறை சொல்லலாம், மண்ணை மட்டும் சொல்லக் கூடாது. வேர்க்கடலை விளையும் சிவப்பு மண். துணியில் பட்டால் கறை போகாது; அதுவும் எங்களுக்குப் பெருமைதான்.

எங்கள் மீன் வளர்ப்போர் சங்கத்தில் மீனைப் பற்றிப் பேசுவதே அபூர்வம். தொட்டிக்குள் செடி வளர அடியில் எதைப் பரப்புவது என்பதில்தான் சண்டை. டயர் கடை மெர்வ் எல்லாக் கட்சியிலும் இருந்து பார்த்தவன். முதலில் கடற்கரை மணல் அள்ளி வந்தான். அதில் பாதி கிளிஞ்சல். தண்ணீரில் சுண்ணாம்பு ஏறிச் செடிகள் கரைந்தே போயின. அடுத்து, என் பேச்சைக் கேட்டு, பூனைகள் 'போவதற்கு' விற்கும் களிமண் குருணையைப் பரப்பினான். நல்ல யோசனைதான், இன்றைக்கும் சொல்வேன். தண்ணீர் ஊற்றுவதற்குள் அவன் வீட்டுப் பூனை முந்திக்கொண்டது.

அன்றைக்குத்தான் அவன் மனைவி நோலீன் கெடு வைத்தாள்.

"இதான் கடைசி, மெர்வ். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி சங்கத்துக்காரங்க நம்ம வீட்டுக்கு வர்றாங்கல்ல, அன்னிக்கு இதுக்குள்ள பச்சையா ஒண்ணாவது உயிரோட இருக்கணும். இல்லேன்னா தொட்டி வெளிய, என் தையல் மெஷின் உள்ள."

ஜன்னலோர மூலை அது. கடை மூடி வந்ததும் பீரும் கையுமாக அந்தத் தொட்டியைப் பார்த்து உட்கார்ந்தால்தான் மெர்வுக்கு மனுஷத்தன்மை திரும்பும். எனக்கே பாவமாக இருந்தது.

மெர்வ் தன் மச்சான் வயலில் கடலை அறுவடை முடிந்த இடத்தில் சிவப்பு மண் அள்ளி வந்தான். மேலே மெல்லிசாகச் சரளை, அதில் பொடிப் பொடியாகப் புல் நட்டான். தண்ணீர் நிரப்பாமல் ஈரம் மட்டும் காட்டி, பிளாஸ்டிக் தாளால் மூடினான். வேர் பிடித்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும், சரியான முறைதான்.

சங்கம் வரும் நாள் காலையில் போன் செய்தான். "வாடா. யார்கிட்டயும் சொல்லாத."

போய்ப் பார்த்தேன். புல் மொத்தமும் பூஞ்சை பிடித்துக் கறுத்திருந்தது. நடுவில் மட்டும் சரளையைத் தள்ளிக்கொண்டு கொழுகொழுவென்று நாலைந்து செடி.

"இது வேர்க்கடலைடா" என்றேன்.

"தெரியும்டா. மண்ணோட வந்திருக்கு. நீதான் அவகிட்ட ஏதாவது சொல்லணும்."

"அவ கடலைக்காட்டுல பொறந்தவ. நான் என்னத்தச் சொல்ல?"

"தென் அமெரிக்கச் செடின்னு சொல்லு. கடலையும் அங்கேருந்து வந்ததுதானே, பொய்யில்ல."

சாயங்காலம் எல்லோரும் கூடினோம். நோலீன் கேக் தட்டுடன் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தென் அமெரிக்கச் செடி" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் தாளைத் தூக்கி உள்ளே பார்த்தாள். பொழுது சாய்ந்ததால், கடலைச் செடியின் வழக்கப்படி, இலைகள் ஜோடி ஜோடியாக மடிந்திருந்தன.

"தூங்குது" என்றாள். சங்கத்துக்காரர்கள் கூரையைப் பார்த்தார்கள். "சரி. பச்சைதான், உயிரோடதான் இருக்கு. தொட்டி இருக்கட்டும்."

மெர்வ் என் முதுகில் அறைந்த அறையில் கேக் தொண்டையில் அடைத்தது. ஒரே ஓட்டமாகப் போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தான்.

"என்ன பண்றே?" என்றாள் நோலீன்.

"தண்ணி ஊத்தப் போறேன். மீன் விட வேண்டாமா?"

"ஊத்து, வேண்டாங்கல. வேர் அழுகிச் செத்துப் போகும். செத்தா என்னன்னு பேசினோம்?"

மெர்வ் வாளியோடு நின்றான். உதவிக்கு என்னைப் பார்த்தான். நான் கேக்கைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் தினமும் நோலீன்தான் தண்ணீர் தெளித்தாள். செடி பூத்தது, காம்புகள் மண்ணுக்குள் இறங்கின. மெர்வும் பழையபடி பீரோடு அதற்கு எதிரே உட்கார்ந்தான். மீன் இருக்க வேண்டிய இடத்தில் கடலையைப் பார்த்துக்கொண்டு.

ஈஸ்டர் கூட்டத்துக்கு நோலீன் ஒரு கிண்ணம் அவித்த வேர்க்கடலை கொண்டுவந்து மேஜை நடுவில் வைத்தாள்.

"தென் அமெரிக்கச் செடி" என்றாள் என்னைப் பார்த்து.

மெர்வ் ஒன்றை உரித்து வாயில் போட்டு வெகுநேரம் மென்றான்.

"மண்ணு நல்ல மண்ணுதான்" என்றான்.